பேராயரின் பயணத் திருவிருந்துப் பெட்டி: எது கைகொடுக்கும், எது சுமை

பேராயர் ஒருவர் சேகரங்களுக்கு, அதாவது தம் பொறுப்பிலுள்ள சபை வட்டாரங்களுக்கு, போகும்போது அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்காகக் கூடவே எடுத்துச்செல்லும் சிறிய பெட்டி மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, வெல்வெட் பதித்த மரப்பெட்டி. கிண்ணம், தட்டு, அப்பம் வைக்கும் டப்பா, இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கி, நிற்கும் சிலுவை, திராட்சரசக் குப்பி, தண்ணீர்க் குப்பி என்று பத்துப் பன்னிரண்டு பொருள் இருக்கும். இரண்டாவது, ஜிப் வைத்த தோல் பை. உள்ளே நாலைந்து பொருள்தான். மூன்றாவது, செட்டாக வாங்காமல் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பது. புதிதாகப் பொறுப்பேற்கும் பேராயருக்கு அன்பளிப்பாகப் போவது பெரும்பாலும் முதல் வகை. வருடக்கணக்கில் உழைப்பது இரண்டாவது வகை, அதுவும் அதில் வரும் ரசக் குப்பியையும் நோயாளிகளுக்குப் பூசும் எண்ணெய்க்கான சிமிழையும் மாற்றிய பிறகு. வாங்கப் போகிறவர்கள், அன்பளிப்புக் கொடுக்க நினைக்கும் சபைகள், பேராயருடன் போய்ப் பெட்டியை அடுக்கித் தருகிறவர்கள் எல்லோருக்குமாக விவரத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் இந்தப் பெட்டி எங்கே திறக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பேராலயத்தில் அதற்கென்று பாத்திரங்கள் உண்டு. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மேல் பேராயர் கைவைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போகும் ஆலயத்திலும் உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை இந்தப் பெட்டிக்கு வேலையே இல்லை. ஆராதனை முடிந்த பிறகு, படுத்த படுக்கையாக இருக்கும் மூத்த அங்கத்தினர் வீடு, ஓய்வு பெற்ற குருவானவர் வீடு, காலமான குருவானவரின் மனைவி வசிக்கும் வீடு, மருத்துவமனை வார்டு ஆகிய இடங்களில்தான் அது திறக்கப்படும். அங்கே கிடைக்கும் இடம் கட்டில் பக்கத்து மேசை. அதிலும் பாதியில் மாத்திரை, தண்ணீர்ச் சொம்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் இருக்கும். 30 செ.மீ. சதுரம் ஒதுங்கினாலே பெரிது. மரப்பெட்டியை விரித்து வைக்க அந்த மேசையே போதாது. பெட்டி கட்டில் மேலும் பொருள்கள் மேசை மேலுமாகப் பிரிந்து, பேராயரின் கவனமும் பிரியும். செட்டில் வரும் வெள்ளை விரிப்பு 50 செ.மீ. இருந்தால் அதையும் 30 செ.மீ. அளவுக்கு வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.

வெல்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அழகு, பயன்படுத்தக் கஷ்டம். அப்பத்தின் துகளும் ஒரு சொட்டு ரசமும் அதன் இழைக்குள் போனால் எடுக்க முடியாது. பிரதிஷ்டை செய்த அப்பத்தையும் ரசத்தையும் மீதி வைக்காமல் பயபக்தியுடன் அருந்தி முடிக்கச் சொல்லும் இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் ஒழுங்கை மதிக்கிற எவருக்கும் இது சின்ன விஷயம் அல்ல. அதோடு, கம்பளி ஃபெல்ட்டும் ரப்பர் கலந்த ஸ்பாஞ்சும் கந்தக ஆவியை மெல்ல வெளியிடும். வெள்ளி அதிலேயே கறுக்கும். வாரம் ஒருமுறை பாலிஷ் போட்டும் கறுக்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் பெட்டியின் உள்பக்கத்தில்தான் இருக்கும். கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உள்ளுறை வைத்த பையே மேல்.

கிண்ணத்துக்கு வருவோம். ஒருவர் அருந்தும் ஒரு மடக்குக்கு 5 மி.லி. கணக்கு. நோயாளி, வீட்டார் மூன்று பேர், பேராயர் என ஐந்து பேருக்கு 25 மி.லி. ரசமும் சில சொட்டுத் தண்ணீரும் போதும். அதற்கு 60 மி.லி. கொள்ளும் கிண்ணம் சரியான அளவு. 30 மி.லி. கிண்ணம் விளிம்பு வரை நிறைந்துவிடும்; நடுங்கும் கை அதைப் பிடித்தால் படுக்கையில் சிந்தும். அளவாக ஊற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே பிற்பகலில் நாலைந்து வீடு இருக்கும், ஒவ்வொரு வீட்டிலும் மிச்சத்தைப் பேராயர்தான் அருந்த வேண்டும், கடைசியில் வண்டியையும் அவரே ஓட்ட வேண்டியிருக்கலாம்.

மலிவான செட்டுகளில் கிண்ணம் இரண்டு துண்டு: மேல் கிண்ணம் தனி, கால் தனி, நடுவில் மரை. தட்டையான பெட்டிக்குள் அடங்குவதற்காக இப்படிச் செய்கிறார்கள். கோளாறு முழுவதும் அந்த மரையில்தான். விளிம்பைத் துடைக்கும்போது கிண்ணத்தைச் சுழற்றித்தானே துடைப்போம்? ஒவ்வொருவருக்கும் கொடுத்த பிறகு ஒரே பக்கமாகச் சுழற்றிச் சுழற்றி, நாலாவது ஆளிடம் போகும்போது மேல்பாகம் கழலத் தொடங்கியிருக்கும். இன்னொன்று, கழுவும் தண்ணீர் மரைக்குள் தங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஒரே வார்ப்பாக வரும், 7 அல்லது 8 செ.மீ. உயரமுள்ள குட்டையான கிண்ணம் கிடைத்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். மரை வைத்ததுதான் வாய்த்தது என்றால் பேராயர் கிண்ணத்தை எந்தப் பக்கம் சுழற்றுகிறார் என்று கவனித்து, இறுகும் பக்கமாகச் சுழற்றப் பழகிக்கொள்வது ஒன்றே வழி.

உலோகத்தில் தேர்வு எளிது. வெள்ளிக் கிண்ணம் என்றால் உள்பக்கம் தங்கப் பூச்சு இருக்க வேண்டும். ரசத்தின் புளிப்பும், அது கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் வெறும் வெள்ளியைக் கறைப்படுத்தும். தங்கம் எதற்கும் அசையாது. பித்தளை மேல் வெள்ளிப் பூச்சு போட்டதில் பூச்சு முதலில் போவது விளிம்பில், துணி படும் இடத்தில். அங்கே மஞ்சள் தெரிந்துவிட்டால் உடனே பூச்சு போடக் கொடுக்க வேண்டும், அதுவரை பயன்படுத்தக் கூடாது. புளிப்பு பட்ட பித்தளையிலிருந்து செம்பு ரசத்தில் இறங்கும். எவர்சில்வர் கிண்ணத்தை மதிப்புக் குறைவு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். வார்டிலிருந்து வந்ததும் கொதிநீரில் கழுவலாம், கறுக்காது, கீழே விழுந்தாலும் எளிதில் நெளியாது. நோயாளிகளிடம் போகும் பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

ரசக் குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டோடு வரும் கண்ணாடிக் குப்பிகளில் கார்க் மூடியோ, உலோக மூடிக்குள் மெல்லிய அட்டையோ இருக்கும். படுக்கவைத்தால் இரண்டும் கசியும். மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. கண்ணாடிக் குப்பி, உள்ளே பிளாஸ்டிக் அடைப்பு வைத்த திருகு மூடியுடன், அதே பள்ளத்தில் உட்காரும், கசியாது. ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டு நிரப்பவும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ரசம் விரிந்து மூடியைத் தள்ளும். சாராயச் சத்து 15 சதவீதத்தை ஒட்டிய வகை திறந்த பிறகும் நாள்பட நிற்கும். சாதாரண வகை சில நாளில் காடியாகும். எதுவானாலும் குப்பியிலேயே வாரக்கணக்கில் வைக்காமல் பயணத்துக்கு முந்தைய நாள் நிரப்பி, திரும்பியதும் காலி செய்து கழுவிக் கவிழ்ப்பதுதான் ஒழுங்கு.

அப்பம் வைக்கும் டப்பா எந்த வகையிலும் நன்றாகவே இருக்கிறது. சுமார் 28 மி.மீ. அகலமுள்ள சிறிய அப்பம் உள்ளே சாயாமல் அடுக்காக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் டப்பா இரண்டு வேண்டும். இரண்டாவது, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான அப்பத்துக்கு. உலக உணவுத் தர விதிப்படி கிலோவுக்கு 20 மி.கிராமுக்குள் குளூட்டன் இருந்தால்தான் அது குளூட்டன் இல்லாத உணவு. சாதாரண அப்பத்தோடு ஒரே டப்பாவில் வைத்தால் துகள் ஒட்டி அந்தக் கணக்கு போய்விடும். கொடுக்கும் வரிசையும் முக்கியம்: இவர்களுக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும், கிண்ணத்தையும் இவர்களுக்கே முதலில் நீட்ட வேண்டும். அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கை ரசத்தில் இடும் வழக்கமுள்ள பேராயர்கள் அன்றைக்கு அதைத் தவிர்க்க வேண்டும். சாதாரண அப்பம் நனைந்த ரசம் அவர்களுக்கு ஆகாது.

பெரும்பாலான செட்டுகளில் இல்லாத, ஆனால் கட்டாயம் சேர்க்க வேண்டிய பொருள் ஒரு சிறிய கரண்டி. வாய் உலர்ந்த நோயாளியால் முழு அப்பத்தை விழுங்க முடியாது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு திணறுவார். அப்பத்தை நாலாகப் பிட்டு, ஒரு துண்டை ரசத்தில் நனைத்து, கரண்டியில் கொடுத்து, பின்னாலேயே ஒரு வாய்த் தண்ணீர். அதற்கு முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் பேராயர் வற்புறுத்தத் தேவையே இல்லை. மெய்யாய் மனந்திரும்பி, கிறிஸ்து தனக்காகச் சிலுவையில் மரித்ததை விசுவாசித்து நன்றி செலுத்துகிற நோயாளி, வாயால் உட்கொள்ளாவிட்டாலும் ஆத்தும நன்மைக்காகக் கிறிஸ்துவின் சரீரத்திலும் இரத்தத்திலும் பங்குபெறுகிறார் என்று 1662 புத்தகமே ஆறுதல் சொல்கிறது. இதைக் குடும்பத்தாருக்கு நிதானமாக எடுத்துச் சொல்வதும் பேராயரின் வேலைதான். அதே புத்தகம் நோயாளியுடன் மூன்று பேராவது, குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து பங்குபெற வேண்டும் என்கிறது. அதனால் அப்பத்தை எண்ணும்போது நோயாளியை மட்டும் கணக்கில் வைக்காமல் வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எடுங்கள்.

மெழுகுவர்த்தித் தாங்கிகளை எடுத்து வீட்டில் வைத்துவிடலாம். ஆக்சிஜன் கொடுக்கும் அறையில் நெருப்பு வைப்பது உயிராபத்து. படுக்கை விரிப்பிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும். குழாயை மூடிய உடனேயும் பற்றவைக்கக் கூடாது. கையில் தடவிய சானிடைசர் உலரும் முன் தீக்குச்சி உரசுவதும் அப்படித்தான்.

இனி எண்ணெய்ச் சிமிழ். பெட்டியில் பேராயருக்கே உரிய பொருள் என்றால் இதுதான். இதில்தான் தயாரிப்பாளர்கள் அதிகம் சொதப்புகிறார்கள்.

புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழனன்றோ அதை ஒட்டியோ குருவானவர்கள் பேராயரைச் சுற்றிக் கூடி குருப்பட்டம் பெற்றபோது கொடுத்த அருட்பொழிவு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும் ஆராதனையில் எண்ணெய்கள் ஆசீர்வதிக்கப்படுகின்றன. நோயாளிகளுக்கான எண்ணெய் சுத்தமான ஒலிவ எண்ணெய். திடப்படுத்தலில் பூசும் கிறிஸ்மா எனப்படும் பரிமளத் தைலம் ஒலிவ எண்ணெயில் பால்சம் பிசினோ வேறு வாசனைப் பொருளோ கலந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துகிறவர்களுக்கான எண்ணெய் மூன்றாவது. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் 1979 ஜெபப் புத்தகத்தின்படி கிறிஸ்மா பேராயரால் மட்டுமே பிரதிஷ்டை செய்யப்பட வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் சட்டம் நோயாளிக்கான எண்ணெய் விஷயத்தில் இளகியது. பேராயர் பிரதிஷ்டை செய்தது கைவசம் இல்லாவிட்டால் குருவானவரே செய்துகொள்ளலாம்.

கடையில் கிடைப்பது மூன்று அறைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திருகும் சிமிழ். ஒரு அறையின் அடிப்பாகமே கீழ் அறைக்கு மூடி. அடையாள எழுத்தை மூடியில் மட்டும் பொறித்திருப்பார்கள். கழுவிவிட்டு மாற்றித் திருகினால் போயிற்று. நோயாளியின் நெற்றியில் கிறிஸ்மா போய்விடும். பஞ்சில் ஊறிய நிலையில் மூன்றும் ஒரே நிறம். மோந்து பார்த்தாலொழிய தெரியாது. எழுத்து அறையின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். எங்கள் பரிந்துரை இதைவிட எளிது: ஒற்றைச் சிமிழ்கள் இரண்டு. நோயாளி எண்ணெய் எப்போதும் பையில். கிறிஸ்மா, திடப்படுத்தல் இருக்கும் நாளில் மட்டும், அங்கிகளோடு.

நிரப்பும் முறை: சிமிழின் மூன்றில் இரண்டு பங்கு வரை பஞ்சை அமுக்கிவைத்து, துளித்துளியாக எண்ணெய் விட வேண்டும். விரலால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், எண்ணெய் மேலே நிற்கக் கூடாது. மேலே நின்றால் மரை வழியாகக் கசிந்து பையின் தோல், விரிப்பு, கழுத்தில் அணியும் ஸ்டோல் பட்டை எல்லாவற்றிலும் ஏறும். ஒலிவ எண்ணெய்க் கறை பட்டுத் துணியை விட்டுப் போவதே இல்லை. மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கும் சிமிழையே வாங்கவும். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதற்குச் சூடும் காற்றும் வெளிச்சமும் காரணம். பூச்சு போன பித்தளைச் சிமிழில் செம்பு அதை இன்னும் விரைவாக்கும். பஞ்சு பச்சை பூத்திருந்தால் சிமிழ் கெட்டுவிட்டது என்று அர்த்தம். குளிர்ப் பிரதேசத்தில் 10 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் கலங்கி உறையத் தொடங்கும். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்தால் இளகிவிடும். வருடம் ஒருமுறை புது எண்ணெய் வந்ததும் பழைய பஞ்சை எரித்துவிட வேண்டும்.

பூசும்போது கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை அடையாளம். சிலர் உள்ளங்கைகளிலும் பூசுவார்கள். வார்டில் ஒரு நோயாளியைத் தொட்ட விரலை மறுபடி சிமிழுக்குள் விடவே கூடாது. ஆளுக்கு ஒரு பஞ்சுக்குச்சி எடுத்து, அதில் தொட்ட எண்ணெயைக் கட்டைவிரலில் தடவிக்கொண்டு, குச்சியைத் தனிக் காகித உறையில் போட்டுக்கொண்டு வந்து எரிக்கலாம். ஆக்சிஜன் மாஸ்க் அணிந்தவருக்கு முகத்தைத் தவிர்த்து உள்ளங்கையில் பூசுவது பாதுகாப்பு. எண்ணெயும் ஆக்சிஜனும் சேரக் கூடாதவை.

குருவானவர்கள் வீட்டுக்குப் போகும்போதுதான் இந்தப் பெட்டியின் அருமை தெரியும். ஒருவரைச் சேகரப் பொறுப்பில் அமர்த்தும்போது, உமக்கும் எனக்கும் உரிய இந்த ஆத்தும விசாரிப்பை ஏற்றுக்கொள்ளும் என்ற பொருள்பட இங்கிலாந்துத் திருச்சபைப் பேராயர் சொல்லிக் கொடுப்பது மரபு. அந்தக் குருவானவரே நோயில் விழுந்தால் அவருக்குத் திருவிருந்து கொடுக்க வரவேண்டியவர் யார்? சபைக்கு அவர் இருக்கிறார், அவருக்குப் பேராயர்தான். எல்லோருக்கும் கொடுத்தே பழகிய மனிதர், ஒருநாளாவது கைநீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அவர் வீட்டுப் பாத்திரத்தைக் கேட்காதீர்கள். அவரை எழுந்து மேசை அடுக்கவும் விடாதீர்கள். விரிப்பு, கிண்ணம், புத்தகம், ஆராதனை முறை அச்சடித்த பெரிய எழுத்து அட்டைகள் என எல்லாம் பேராயரின் பையிலிருந்தே வர வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் பல வருடமாக அவர் கையாலேயே வாங்கியவர்கள். அவர்களுக்கும் சேர்த்து அப்பம் இருக்கட்டும்.

குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருகிற குருவானவர் வீடாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவருக்கு அப்பம் மட்டும் போதும். அப்பம், ரசம் இரண்டையும் கொடுப்பதே முறை என்று வைத்த இங்கிலாந்தின் 1547 சட்டமே தேவை ஏற்பட்டால் விதிவிலக்கு உண்டு என்றது. ஒன்றை மட்டும் பெற்றாலும் முழு அருளையும் பெறுகிறார். கிண்ணத்தில் பேராயர் அருந்தும் அளவுக்கு மட்டும் ஊற்றி, அங்கேயே முடித்து, தண்ணீர் விட்டுக் கழுவி அதையும் அருந்திவிட்டு, குப்பியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். மேசையில் குப்பி நிற்கக் கூடாது.

பையின் பக்க அறையில் குறிப்பேடு வைக்க இடம் இருப்பதை ஒரு வசதியாக விளம்பரப்படுத்துகிறார்கள். வீட்டு விலாசம், அடுத்து வர வேண்டிய தேதி, அறுவைச் சிகிச்சை நாள் எழுத அது உதவும். பாவ அறிக்கையாகச் சொல்லப்பட்டது எதுவும் அதில் ஏறக் கூடாது. ஒரு குருவானவர் மேல் புகார் விசாரணை நடக்கும் சமயத்தில், தீர்ப்பு சொல்ல வேண்டிய பேராயரே ஆறுதல் சொல்லவும் போனால் இரண்டுமே கெடும். அந்த வீட்டுக்கு வேறொரு நம்பகமான மூத்தவரை அனுப்பி, பெட்டியையும் அவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

பேராயர் ஆராதனையில் ஏந்தும் மேய்ப்பன் கோலை இந்தப் பெட்டியோடு சேர்த்து விற்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறோம். பயணக் கோல் மூன்று துண்டாகக் கழலும். சேர்த்தால் 180 செ.மீ. அளவில் நிற்கும். மரத்தில் நேரடியாக மரை வெட்டியது ஈரக்காலத்தில் ஊறி இறுகும், வெயிலில் சுருங்கி ஆடும். பித்தளை மரை வைத்ததே உழைக்கும். ஆனால் ஆண் மரை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பையில் அடிபட்டு வளையும். அதற்கு மூடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்த மேல்பகுதி முழு வெள்ளியாக இருந்தால் தலை கனத்து, இடது கையில் பிடித்து நடக்கும்போது முன்னால் சாயும். உள்ளே குடைந்து செய்ததை வாங்கலாம். அடியில் ரப்பர் இல்லாவிட்டால் பளிங்குத் தரையில் வழுக்கும். வீட்டுச் சந்திப்புக்குக் கோல் தேவையில்லை, காரிலேயே இருக்கட்டும்.

ஸ்டோல் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் வெள்ளையாக மடித்துச் சட்டைப்பையில் அடங்கும் மெல்லியது போதும்.

கடைசியாக, வாங்கும் அன்றே முடிவு செய்ய வேண்டிய ஒன்று: பெட்டி பேராயரின் சொந்தமா, அவர் தலைமை வகிக்கும் திருமண்டலத்தின் சொத்தா? அன்பளிப்பாக வந்ததில்தான் இந்தக் குழப்பம் அதிகம். பேராயர் ஓய்வு பெறும் நாளில் கேட்டால் எல்லோருக்கும் சங்கடம். கொடுக்கும் சபை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திருமண்டலத்துடையது என்றால் ஒவ்வொரு பொருளின் படமும் எடையும் சொத்துப் பட்டியலில் ஏற வேண்டும். பெயரைக் கிண்ணத்தின் அடியில் பொறிக்கலாம். பூச்சு போட்ட பாத்திரத்தில் பொறித்தால் அந்த இடத்திலிருந்தே பூச்சு உரியத் தொடங்கும், அதற்குப் பையின் உள்பக்கத்தில் தைத்த துணிப்பட்டை போதும்.